வாசகர் கேள்வி–பதில்: முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை

கேள்வி: கல்லூரியில் படித்த காலத்தில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கேசட்டை நண்பனிடம் இரவல் வாங்கி வந்து, இரண்டு பக்கங்களையும் கேட்டு முடித்த பிறகே தூங்கப் போவேன். என் மகனின் கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனால் ஓர் ஆல்பத்தையாவது அவன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்கத் தகுந்த ஆல்பங்கள் இப்போது வருவதில்லையா, அல்லது எனக்குத்தான் வயதாகிவிட்டதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்கு வயதாகியிருக்கலாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அத்தகைய ஆல்பங்கள் இன்றும் வருகின்றன என்பதே என் பதில். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முழுதாகக் கேட்கத் தகுந்தவற்றை இசைக் கலைஞர்கள் செய்கிறார்களா என்பது ஒன்று. செய்தால் நாம் அப்படிக் கேட்கிறோமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 'இல்லை' என்று விடை வருவதால், முதலாவதற்கும் அதுவே விடை என்று நம்மில் பலர் முடிவுகட்டி விடுகிறோம்.

நீங்கள் அந்தக் கேசட்டை முழுதாகக் கேட்டதற்கு அந்தக் குழுவின் திறமை பாதிக் காரணம்தான். ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போக டேப்பை ஓட்டி, நிறுத்தி, தாண்டிப்போய்விட்டால் மறுபடி பின்னால் ஓட்டித் தேட வேண்டியிருந்த சிரமமும், அந்தத் தேடலில் டேப் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயமும் மீதிக் காரணம். கருவி நம்மை உட்கார வைத்தது. உட்கார்ந்த நாம் அதை ரசனை என்று நினைத்துக்கொண்டோம்.

'ஆல்பம்' என்ற சொல்லே கருவியின் குறையிலிருந்து பிறந்ததுதான். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசைக்கு மேல் இடமில்லை. சிம்பொனி போன்ற நீண்ட படைப்புகளை விற்க வேண்டுமானால், பல தட்டுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, நம் வீடுகளில் கல்யாணப் படங்களை வைத்திருக்கிறோமே அந்த ஆல்பம்போலவே கட்டித் தர வேண்டியிருந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசையை அடக்கிய பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிய அளவைக் கண்ட கலைஞர்கள், நாடகத்துக்கு இரண்டு அங்கங்களும் நடுவில் ஓர் இடைவேளையும் இருப்பதுபோல, இரண்டு பக்கங்களாகச் சிந்திக்கப் பழகினார்கள். நீங்கள் சொல்லும் 1973-ஆம் ஆண்டு ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது, முதற்பக்கம் சாவைப் பற்றிய பாட்டில் ஒரு பெண்குரலின் சொல்லற்ற கதறலோடு அடங்குகிறது, கேசட்டைத் திருப்பிப் போட்டதும் நாணயங்கள் குலுங்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. சாவுக்கும் சந்தைக்கும் நடுவே நீங்கள் எழுந்து நடந்து கேசட்டைத் திருப்பிய அந்தச் சில நொடிகளும் அந்த இசையின் அமைப்பில் சேர்ந்தவை. இன்று செயலியில் கேட்பவருக்கு அந்த மௌனம் கிடைப்பதில்லை என்பது உண்மையான இழப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு கட்டாயம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டைத் தாண்டலாம். அதில் 74 நிமிட இசைக்கு இடமும் இருந்ததால், நாற்பது நிமிடச் சரக்கை எழுபது நிமிடமாக இழுக்கும் பழக்கமும் கூடவே வந்தது. 2003-இல் தொடங்கிய ஐட்யூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்குத் தனியாக விற்றது. இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் ஒரு பாட்டை 30 நொடி கேட்டால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். பத்து நிமிடப் பாட்டானாலும் இரண்டு நிமிடப் பாட்டானாலும் கணக்கு ஒன்றே. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் பாட்டுகளைச் சுருக்கி எண்ணிக்கையைப் பெருக்குவதில் வியப்பில்லை. ராப் பாடகர் டிரேக் 2018-இல் வெளியிட்ட 'ஸ்கார்பியன்' 25 பாடல்களோடு ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. கடமைக்காக ஒரே ஒருமுறை முழுதாகக் கேட்டேன். நடுவே எந்தப் பாட்டை எடுத்துவிட்டு எதை வைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் இதே நிலைமைக்கு மறுபக்கமும் உண்டு. யாரும் முழுதாகக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவர் ஓர் ஆல்பத்தை முழுப்படைப்பாகச் செய்கிறார் என்றால், அதற்கான தேவை அவருடைய விஷயத்திலேயே இருக்க வேண்டும். அன்று இரண்டு நல்ல பாட்டுக்காகப் பத்துப் பாட்டுக்குக் காசு கொடுத்தோம் என்பதையும், மீதி எட்டை நினைவு நமக்காக வடிகட்டிவிட்டது என்பதையும் மறந்துவிட்டுத்தான் பழைய காலத்தைப் புகழ்கிறோம்.

கேள்வி: பொதுவாகச் சொல்வது எளிது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த ஒன்றைச் சொல்லி, அதை ஏன் வரிசை குலையாமல் கேட்க வேண்டும் என்று விளக்க முடியுமா?
— ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கென்ட்ரிக் லமார் 2015 மார்ச்சில் வெளியிட்ட 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரத்தில் வறுமைக்கும் வன்முறைக்கும் நடுவே வளர்ந்த ஒரு ராப் கலைஞர், புகழும் பணமும் வந்த பிறகு, தன் ஊரைவிட்டுத் தப்பித்தவன் என்ற குற்ற உணர்ச்சியோடு மல்லுக்கட்டுவதுதான் அதன் விஷயம். பதினாறு உருப்படிகள், ஏறத்தாழ 79 நிமிடம். காமாசி வாஷிங்டன், தண்டர்கேட், ராபர்ட் கிளாஸ்பர் முதலிய ஜாஸ் கலைஞர்கள் வாசித்திருப்பதால், ராப் என்றால் இயந்திரத் தாளத்தின்மேல் படபடவென்று பேசுவது என்று எண்ணிக்கொண்டு போகிறவர் முதற்பாட்டிலேயே திகைப்பார்.

மூன்றாம் பாடல் முடியும் இடத்தில், இசை நின்ற பிறகு, லமார் ஒரு கவிதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார். சில பாடல்கள் கழித்து அதே கவிதையை முதலிலிருந்து சொல்லி மேலும் சில வரிகளைச் சேர்க்கிறார். மறுபடியும் பாட்டு, மறுபடியும் அதே கவிதை இன்னும் கொஞ்சம் வளர்ந்து. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று: பல்லவியின் ஒரே வரியைச் சங்கதிமேல் சங்கதியாக வளர்த்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு திரும்பலிலும் அந்த வரிக்குள் முன்பு இல்லாத ஒன்று தெரியவருமே, அதுபோலத்தான் இதுவும். கடைசிப் பாடலில் கவிதை முழுமை பெறுகிறது. அப்போதுதான் அவர் அதை நமக்கு வாசிக்கவில்லை, 1996-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் கலைஞர் டூபாக் ஷகூருக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார் என்பது புலப்படுகிறது. 1994-இல் பதிவான ஒரு பேட்டியிலிருந்து டூபாக்கின் பதில்களை எடுத்து, இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதுபோல் அமைத்திருக்கிறார்கள். கம்பளிப்புழுவையும் பட்டாம்பூச்சியையும் பற்றி இன்னொரு சிறு பகுதியை வாசித்துவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று லமார் கேட்கிறார். பதில் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆல்பம் அங்கே முடிந்துவிடுகிறது. இந்த முடிவை மட்டும் தனியாகக் கேட்பவருக்கு ஒரு பழைய பேட்டியின் ஒலிப்பதிவு கிடைக்கும். 79 நிமிடம் நடந்து வந்து கேட்பவருக்கு அந்த மௌனம் வேறு.

இன்னும் இரண்டு இடங்கள். 'ஆல்ரைட்' என்ற ஏழாம் பாடலை 2015-இல் அமெரிக்கத் தெருக்களில், காவல்துறையின் வன்முறையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் முழக்கமாகவே பாடினார்கள். தனியாகக் கேட்டால் அது நம்பிக்கைப் பாட்டு. ஆனால் ஆல்பத்தில் அதற்கு நேர் முன்னால் இருப்பது, குடிபோதையில் அழுதுகொண்டே தன்னைத் தானே கேவலமாகத் திட்டிக்கொள்ளும் ஒருவனின் குரல். அதைக் கேட்டுவிட்டு 'ஆல்ரைட்'டுக்குள் நுழைகிறவருக்கு, அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய கிளைமேல் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். மற்றொன்று, 2014-இலேயே தனிப்பாடலாக வெளிவந்து இரண்டு கிராமி விருதுகளை வாங்கிவிட்ட 'ஐ' என்ற பாடல். விருது வாங்கிய வடிவத்தை அப்படியே சேர்த்திருந்தால் வியாபாரத்துக்கு நல்லது. அவரோ அதை மேடையில் பாடுவதுபோல மாற்றி, பாதியில் கூட்டத்தில் சண்டை மூண்டு பாட்டு நின்றுபோவதாகவும், பாடகர் இறங்கிக் கூட்டத்தோடு பேசுவதாகவும் அமைத்தார். தனிப்பாடலாக வெற்றி பெற்றது ஆல்பத்துக்குள் தோற்க வேண்டியிருந்தது. முழுமையை முன்னிட்டு ஒரு பகுதியைக் காவுகொடுக்கும் இந்தத் துணிச்சல்தான் எனக்கு அளவுகோல்.

அவருடைய அடுத்த ஆல்பமான 'டேம்', 2018-இல் புலிட்சர் இசைப் பரிசைப் பெற்றது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. அதன் பாடல்களைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாகவும் கேட்கலாம். அந்த வரிசையில் ஒரு பதிப்பையே வெளியிட்டார்கள். வரிசைக்கு மதிப்பில்லாத காலம் என்று நாம் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஒருவர் வரிசையை வைத்தே விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கேள்வி: ராப் என் காதுக்கு ஒத்துவராது. அமைதியாகக் கேட்க ஏதாவது உண்டா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2021-இல் வந்த 'ப்ராமிசஸ்'. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் மின்னணு இசை அமைக்கும் ஆங்கிலேயரும், 1960-களில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸும், லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்து செய்தது. 46 நிமிடம்; ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருந்தாலும் ஒரே படைப்பு. ஏழு சுரங்களாலான ஒரு சிறு சொற்றொடர் தம்புராவைப்போல விடாமல் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் எண்பது வயதைத் தொட்ட அந்த மனிதரின் சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் அலைகிறது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். நல்ல ஹெட்ஃபோனில், இரவில், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது வேண்டாம்.

உருது உங்களுக்குப் பிடிக்குமானால், பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் ஆஃப்தாப் அதே ஆண்டில் வெளியிட்ட 'வல்ச்சர் பிரின்ஸ்' இருக்கிறது. இறந்துபோன தம்பிக்குக் காணிக்கையாக்கிய ஏழு பாடல்கள். அதிலுள்ள 'மொஹப்பத்' 2022-இல் கிராமி வாங்கியதால் எல்லோரும் அதை மட்டும் கேட்கிறார்கள்; கஸலின் சோகத்தை ஹார்ப்பும் கிட்டாரும் தாங்கிப் பிடிப்பதை ஏழு பாடல்களிலும் கேட்டால்தான் அந்த துக்கத்தின் நீளம் தெரியும்.

கேள்வி: முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் ஆல்பத்துக்கு ஒரு கதையோ கருப்பொருளோ இருந்தாக வேண்டுமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டியதில்லை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-இல் இரண்டே நாட்களில் பதிவானது, ஐந்து உருப்படிகள், கதை ஏதுமில்லை, ஒரு மனநிலை மட்டுமே. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' அதைவிடவும் நேரானது: ஒன்பது பாடல்களில் ஏழு தனிப்பாடல்களாக வந்தன, தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: தமிழைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? நம் திரையிசை ஆல்பங்களை முழுதாகக் கேட்கலாம் அல்லவா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்கலாம், ஆனால் அவை ஆல்பம் என்ற நினைப்பில் பிறந்தவையல்ல. இயக்குநர் சொல்லும் சூழலுக்கு ஒரு பாட்டு, அடுத்த சூழலுக்கு வேறொரு பாட்டு என்று போட்டு, பிறகு ஒரே உறைக்குள் வைக்கிறார்கள். படத்தில் வரும் வரிசைகூடப் பல வேளைகளில் கேசட்டில் இருந்ததில்லை. கேட்பவர்களாகிய நாமும் பாட்டு பாட்டாகத்தான் கேட்டோம். வெற்றுக் கேசட்டையும், ஒரு தாளில் பிடித்த பாட்டுகளின் பட்டியலையும் பதிவுக் கடையில் கொடுத்துவிட்டு, அறுபது நிமிடத்தில் எத்தனை அடங்கும் என்று பேரம் பேசி, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்த தலைமுறை நாம். இன்றைய பிளேலிஸ்ட்டைப் பார்த்துக் குறைசொல்லும் தகுதி உலகத்தில் யாருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை. 2011-இல் 'கொலவெறி' முதலில் தனிப்பாடலாக வந்து படத்தை முந்திக்கொண்டு ஓடியதற்குப் பிறகு, முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள் என்று தவணை முறையில் வெளியிடுவது வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பழைய பழக்கத்துக்கு அது புதிய பெயர்.

ஆனால் வரிசையாக, முழுதாகக் கேட்கும் காது நமக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-இல் இசைத்தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதத்தை யாரும் நடுவிலிருந்து தொடங்குவதில்லை. 'திருவிளையாடல்' கதைவசனத்தைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் முழுதாக ஓடவிட்ட ஊர்கள் நம்முடையவை. கச்சேரி என்றால் வர்ணத்தில் தொடங்கி, விரிவான கீர்த்தனையில் நிலைகொண்டு, தனி ஆவர்த்தனத்துக்குப் பின் துக்கடாக்களில் இளகி, மங்களத்தில் முடியும் அமைப்பை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அதைவிடத் தேர்ந்த பாடல்வரிசையை எந்த மேல்நாட்டு நிறுவனமும் போட்டுவிடவில்லை. தனி ஆவர்த்தனத்தின்போது காப்பி குடிக்கப் போகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

படத்துக்கு வெளியே செய்தவற்றில், இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு 'ஹௌ டு நேம் இட்'டைத்தான் முதலில் சொல்வேன். தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையான அந்த ஆல்பத்தில் உருப்படிகளின் தலைப்புகளே ஒன்றோடொன்று பேசுகின்றன: பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்று ஒன்று, பிறகு இருவரும் பேசிக்கொண்டோம் என்று இன்னொன்று, நிச்சயிக்கப்பட்டது என்று ஒன்று சொன்னால், நிச்சயிக்கப்பட்டதா என்று வேறொன்று கேட்கிறது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் இந்த உரையாடலை முழுக்கச் சுமந்து செல்கிறது. இதில் ஒரு வேடிக்கை: பாலு மகேந்திரா இதன் பகுதிகளை 'வீடு' படத்தின் பின்னணி இசையாக வைத்ததால், நம்மில் பலர் இதைச் சினிமா இசையாகத்தான் முதலில் கேட்டோம். 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு இளையராஜா பதிவுசெய்த திருவாசகத்தில் 'பொல்லா வினையேன்' மட்டுமே ஏறத்தாழ இருபது நிமிடம். அழைப்பொலியாக வெட்டி வைத்துக்கொள்ள முடியாத நீளம் என்பதே எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

கடல் கடந்த தமிழர்களில், லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகியான எம்.ஐ.ஏ. தன் தாயின் பெயரையே சூட்டி 2007-இல் வெளியிட்ட 'கலா'வைத் தவறவிடாதீர்கள். சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவுசெய்தது அதில் இருக்கிறது. 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' முதற்பாட்டிலேயே துண்டாக வந்து போகிறது. வெவ்வேறு நாடுகளில் பதிவான சத்தமெல்லாம் சேர்ந்து, நிலையான வீடு இல்லாத ஒருத்தியின் பயணமாக ஒலிக்கும்.

கேள்வி: ஷஃபிள் பொத்தானை அழுத்துவது பாவமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஆங்கிலப் பாடகி அடெல் அப்படித்தான் நினைத்தார். 2021 நவம்பரில் '30' என்ற அவருடைய ஆல்பம் வெளிவந்தபோது, பாடல்வரிசையை யோசித்து யோசித்து அமைத்திருக்கிறோம், கதையை அந்த வரிசையில் கேட்கட்டும் என்று அவர் வேண்டிக்கொள்ள, ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கத்தின் முதன்மைப் பொத்தானை வரிசைப்படி ஒலிக்கும்படி மாற்றியது. கலைத்துப்போட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்கு அந்த வசதி இன்றும் உண்டு. முதல் முறை வரிசையாகக் கேளுங்கள். இரண்டாம் முறை உங்கள் விருப்பம்.

கேள்வி: இவ்வளவும் படித்த பிறகு, மகனுக்கு எதை முதலில் கொடுப்பது என்றும் சொல்லிவிடுங்கள். அவனுக்குப் பொறுமை குறைவு.
— முதற்கேள்வி கேட்ட அதே திருச்சி வாசகர்

பதில்: ரொசாலியாவின் 'எல் மால் கெரெர்'. ஸ்பெயினின் கத்தலோனியாவைச் சேர்ந்த இவர், இசைக் கல்லூரியில் பட்டத்துக்குரிய செயல்திட்டமாகத் தொடங்கி 2018-இல் வெளியிட்டது. பொறாமை பிடித்த கணவன் மனைவியைக் கோபுரத்தில் அடைத்து வைக்கும் 13-ஆம் நூற்றாண்டுக் கதையான 'ஃப்ளமென்கா'வை அடியொற்றிய பதினோரு பாடல்கள். சகுனம், திருமணம், பொறாமை, சிறைவைப்பு என்று ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயப் பெயரோடு நகர்ந்து, வலிமை என்ற அத்தியாயத்தில் முடிகிறது. ஸ்பெயினின் மரபிசையான ஃப்ளமெங்கோவின் கைத்தட்டலும் மோட்டார் சைக்கிளின் உறுமலும் ஒரே தாளத்தில் வரும். அது உங்கள் மகனுக்குப் பிடிக்கும். மொழி புரியாது என்பான்; புரியாமலே பாதிக் கதை பிடிபட்டுவிடும். மொத்தம் அரைமணி நேரம்தான், மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஸ்ரீரங்கம் இறங்கும்போது ஏறக்குறைய முடிந்திருக்கும். அவன் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள்.